சனியும் பூட்டு, ஞாயிறும் பூட்டு: பெர்கன் கவுண்டித் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெர்கன் கவுண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். சென்ற பொங்கல் விழாவில் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர், நம் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகளை மூட வைக்கும் சட்டத்தைப் பற்றியும், சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் யூதர்களுக்கு அதனால் வரும் சிரமத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். "யூதர்களுக்குச் சிரமம் என்றால் அது அவர்கள் பாடு. சனிக்கிழமை கடையை மூடச் சொன்னது யார்?" என்றார் ஒருவர். மற்றவர் தலையசைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டிச் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டது இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் நியூ ஜெர்சியில், நம் பெர்கன் கவுண்டியைச் சேர்ந்த டீநெக் என்ற ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன் நான் வளர்ந்தது திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையத்தில். அப்பா அங்கே ஒரு சின்ன ஜவுளிக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் கடை மூடினால் அந்த வாரம் வீட்டில் எது குறையும் என்பது கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். எண்ணெய் அரை லிட்டராகும், மீன் வராது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பஜாரில் முஸ்லிம் வியாபாரிகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போவார்கள். அப்பா தன் கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துக் கடைகளையும் பார்த்துக்கொள்வார். அமாவாசைக்கு அப்பா ஊருக்குப் போனால் அவர்கள் எங்கள் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். மூடுகிற நாள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எல்லோரும் ஒரே நாளில்தான் மூட வேண்டும் என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை.

டீநெக்கில் வீடு பார்க்க வந்தபோது நாங்களும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டோம். பள்ளிக்கூடம் எப்படி, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு எவ்வளவு தூரம், நியூயார்க்குக்கு பஸ் உண்டா என்று விசாரித்தோம். ஊரின் நடுவே தண்டவாளம் ஓடுவதைப் பார்த்து ரயிலும் இருக்கிறது என்று மகிழ்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாதையில் பயணிகள் ரயில் 1959இலேயே நின்றுவிட்டது, இப்போது சரக்கு ரயில்தான் போகிறது என்று. சொத்து வரிச் சீட்டைப் பார்த்து என் கணவர் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் அந்த வரிக்கு ஊர் திருப்பித் தருவதும் குறைவில்லை. நூலகம் இருக்கிறது. வோட்டி பூங்காவின் விரிந்த புல்வெளி இருக்கிறது. எந்தத் தெருவிலும் பெரிய மரங்கள். ஹோலி நேம் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில். 1949இல் அமெரிக்க இராணுவம், போரில் தோற்ற ஜப்பானுக்கு மக்களாட்சி நடக்கும் விதத்தைக் காட்ட ஒரு மாதிரி ஊரைத் தேடியபோது இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனது. 1960களின் நடுவில், எந்த நீதிமன்றமும் உத்தரவிடாமல், வாக்களித்தே வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிகளில் சேர்த்தது இதே ஊர்தான். சட்டம் துரத்துவதற்கு முன்பே அண்டை வீட்டாரை நினைத்துப் பார்த்த ஊர் இது. அதனால்தான் இந்த மடலை இங்கிருந்து எழுதுகிறேன்.

யூதக் குடும்பங்கள் இங்கே இருப்பதால் நமக்கு வந்து சேரும் வசதிகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நான் சொல்கிறேன். என் அம்மா இங்கே முதல்முறை வந்திருந்தபோது வெளியில் எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் சுத்த சைவம். வாணலி எது, கரண்டி எது என்று கேட்பவர். யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் உணவகங்களில் இறைச்சியையும் பாலையும் ஒரே சமையலறையில் சேர்க்கவே மாட்டார்கள் என்றும், பால் வகைக் கடைகளில் இறைச்சி உள்ளே நுழையவே கூடாது என்றும் எதிர்வீட்டு யூத அம்மையார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மீன் மட்டும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கவும் செய்தார். சீடர் லேனில் அப்படியொரு பீட்சா கடையில் அம்மா உட்கார்ந்து, தயக்கத்தோடு முதல் துண்டைக் கடித்து, "பரவாயில்லையே, நம்ம மடி மாதிரி இவர்களுக்கும் இருக்கிறதே" என்றார். அதற்குப் பிறகு கடைச் சாமான்களில் கோஷர் முத்திரையைத் தேடிப் படிக்க அவர் தானாகவே கற்றுக்கொண்டார். பால், இறைச்சி இரண்டும் இல்லை என்று குறித்த பொட்டலத்திலும் முட்டையோ மீனோ இருக்கலாம் என்பது வரை அவருக்குத் தெரியும். நம் சைவக் குடும்பங்களில் பலர் இந்த முத்திரையை நம்பித்தான் பிஸ்கட் வாங்குகிறார்கள்.

சனிக்கிழமைகளில் டீநெக் தெருக்களைப் பாருங்கள். அது யூதர்களின் ஓய்வு நாள், கார் ஓட்டக் கூடாது என்பதால் குடும்பம் குடும்பமாக நடந்து வருவார்கள். தாத்தா முன்னால், பேரன்கள் பின்னால், நடுவில் குழந்தை வண்டி. அந்தக் குழந்தை வண்டிக்கே ஒரு கதை உண்டு. ஓய்வு நாளில் வீட்டுக்கு வெளியே பொருளைச் சுமக்கவும் வண்டியைத் தள்ளவும் அவர்களுடைய சமயச் சட்டம் விடாது. அதனால் ஊரைச் சுற்றி ஒரு எல்லை கட்டிக்கொள்கிறார்கள். மின்கம்பத்துக் கம்பிகளையே சுவராகக் கொண்டு, கம்பங்களில் மெல்லிய பட்டைகளைப் பொருத்தி, அந்த வளையத்துக்குள் இருப்பதெல்லாம் ஒரே வீடு என்று வைத்துக்கொள்வது. அதன் பெயர் எருவ். எங்கும் அறுந்துவிடவில்லையே என்று வாரம் தவறாமல் சுற்றிப் பார்ப்பார்கள். நானும் நீங்களும் தினமும் அதன் கீழே நடக்கிறோம், கண்ணில் படுவதே இல்லை.

கண்ணில் படாத அந்தப் பட்டையையும் பொறுக்காத காலம் ஒன்று இருந்தது. நமக்குப் பக்கத்து ஊரான டெனாஃப்ளையில் 2000ஆம் ஆண்டு அவற்றைக் கழற்றச் சொல்லி நகரசபை முடிவு செய்தது. கம்பங்களில் எதையும் ஒட்டக் கூடாது என்று ஒரு பழைய விதி இருக்கிறதாம். ஆனால் அதே கம்பங்களில் வீட்டு எண் பலகைகள் இருந்தன, தேவாலயத்துக்கு வழிகாட்டும் பலகைகள் இருந்தன, பள்ளி விவகாரம் ஒன்றில் மக்கள் கட்டிய ஆரஞ்சு நிற ரிப்பன்கள் மாதக்கணக்கில் தொங்கின. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஊருக்கெல்லாம் தளர்ந்த விதி இவர்களுக்கு மட்டும் ஏன் இறுக வேண்டும் என்ற கோணத்தில் எருவ் பக்கம் நின்றது. 2006இல் சமரசமும் ஆயிற்று. பட்டைகள் இன்றும் இருக்கின்றன. டெனாஃப்ளைக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடை, வீட்டு மரச்சாமான், கட்டடப் பொருள், வீட்டு அலுவலக அலங்காரப் பொருள், வீட்டு உபயோக மின்சாதனம் ஆகிய ஐந்து வகைகளை ஞாயிற்றுக்கிழமை விற்கக் கூடாது. பால் வாங்கலாம், மருந்து வாங்கலாம், உணவகத்தில் சாப்பிடலாம். சட்டை வாங்க முடியாது. சில பெரிய கடைகளில் மளிகைப் பகுதியைத் திறந்துவைத்து, துணி அடுக்கியிருக்கும் வரிசைகளுக்குக் குறுக்கே நாடா கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கவுண்டியும் வாக்களித்து முடிவு செய்துகொள்ளலாம் என்று 1959இல் மாநிலச் சட்டம் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பெர்கன் மட்டும். 1993இல் வாக்கெடுப்பு நடந்தது, சட்டம் தொடரட்டும் என்றே மக்கள் சொன்னார்கள். இந்தக் கவுண்டியில் இன்று வாக்களிக்கும் தமிழர்களில் அன்று வாக்களித்தவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள். அதாவது இந்தக் கேள்வியை இதுவரை யாரும் நம்மிடம் கேட்டதே இல்லை.

சட்டம் எல்லோருக்கும் பொதுதானே என்கிறீர்களா? மணிக்கணக்கைப் பாருங்கள். யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரிந்த பிறகு முடிகிறது. ஜூன் மாதத்தில் அது முடியும்போது இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும், கடைகள் விளக்கை அணைத்துக்கொண்டிருக்கும். டிசம்பரில் சனி மாலை கொஞ்ச நேரம் கிடைக்கும், அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மதியமே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஐந்து நாள் அலுவலகம் போகும் பெற்றோர், பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்க எப்போது போவார்கள்? நமக்குச் சனிக்கிழமை இருக்கிறது. அதனால்தான் நமக்கு இது உறைப்பதில்லை.

2021ஆம் ஆண்டு ஐடா புயலின் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 1, புதன்கிழமை இரவு. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் அடித்தளத்தில் தண்ணீர் நின்றது. எதிர்வீட்டில் முழங்கால் அளவு. தண்ணீரை வெளியேற்றும் பம்ப், துணி துவைக்கும் இயந்திரம், விருந்தினருக்காகக் கீழே போட்டிருந்த மெத்தைகள், எல்லாம் போயிற்று. வியாழனும் வெள்ளியும் தண்ணீர் இறைப்பதிலேயே கழிந்தன. வெள்ளி மாலை அவர்களுடைய ஓய்வு நாளான ஷப்பாத் தொடங்கிவிட்டது. அடுத்த திங்கள் மாலை அவர்களுடைய புத்தாண்டு, அதற்கு இரண்டு மகள்களும் குடும்பத்தோடு வரவேண்டும். இடையில் கையிலிருந்தது ஞாயிற்றுக்கிழமை. பம்ப் மின்சாதனம், மெத்தை மரச்சாமான். இரண்டும் பெர்கனில் கிடைக்காது.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நான்தான் காரை எடுத்தேன். நியூயார்க் எல்லையைத் தாண்டி ராக்லண்ட் கவுண்டிக்குப் போவது என்று முடிவு. நான்காம் எண் சாலையில் பராமஸைக் கடக்கும்போது, 1957இலிருந்து நிற்கும் அந்தப் பெரிய வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடம் முழுவதும் காலியாகக் கிடந்தது. மஞ்சள் கோடுகளுக்கு நடுவே கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தன. பெரியவர் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மடியில் ஒரு பழைய உறை, அதன் பின்பக்கத்தில் மனைவி எழுதிக் கொடுத்த பட்டியல். "ஐம்பது வருடமாக இந்த ஊருக்கு வரி கட்டுகிறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணிக்கு மேல் ஓட்டிப் போய், அங்கே வரிசையில் நின்று, பம்பை வாங்கிக்கொண்டு திரும்பினோம். மெத்தை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டோம்.

2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு, மக்களுக்குப் பொருள் தேவை என்பதற்காக அன்றைய ஆளுநர் நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் இந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தார். ஒரு ஞாயிறு கடை திறந்ததால் கவுண்டி இடிந்துவிடவில்லை.

வாங்குபவரின் கஷ்டமாவது எப்போதோ ஒருமுறை. விற்பவரின் நிலையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு சிறு துணிக்கடை இருக்கிறது. நீளக் கை வைத்த சட்டைகள், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடைகள், பெண்கள் தலையை மறைக்கும் துணிகள். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்க நான் போகும் கடையும் அதுதான். நடத்துபவர் ஐந்து பிள்ளைகளின் தாய். கண்ணாடிக் கதவில் கையால் எழுதிய நேரப் பட்டியல் ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் வெள்ளி ஒரு மணி வரை. சனி மூடல். ஞாயிறு மூடல். ஒரு ஞாயிறு அந்த வழியே நடந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது, அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மகளோடு வந்து கதவைத் தட்டினாள். இவர் எழுந்து வந்து, கதவைத் திறக்காமல், கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்தத் தாயும் மகளும் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். வாரத்துக்கு நாலரை நாள் வியாபாரம், ஏழு நாளுக்கும் வாடகை. இதை எந்த ஜவுளிக்காரர் தாங்குவார்?

இந்தப் பெண்ணின் நிலையைப் போன்ற ஒரு வழக்கு ஏற்கெனவே ஒருமுறை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிலடெல்ஃபியாவில் ஆபிரகாம் பிரான்ஃபெல்டு என்பவரும் சமய விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வேறு சில ஆர்த்தடாக்ஸ் யூத வியாபாரிகளும் தொடுத்த வழக்கு. அவர்கள் விற்றதும் துணியும் வீட்டுச் சாமான்களும்தான். சமயத்துக்காகச் சனி மூடுகிறோம், சட்டத்துக்காக ஞாயிறும் மூடினால் பிழைக்க முடியாது என்றார்கள். 1961இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார்கள். சட்டம் அவர்களுடைய சமயத்தைத் தடுக்கவில்லை, அதைப் பின்பற்றுவதற்கு ஆகும் செலவைத்தான் கூட்டுகிறது என்பது பெரும்பான்மையின் வாதம். நம்பிக்கையா பிழைப்பா என்று ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை என்று மாறுபட்டவர்களில் ஒருவரான நீதிபதி ஸ்டூவர்ட் எழுதினார். பொங்கல் வரிசையில் நான் கேட்ட பேச்சு, அந்தப் பெரும்பான்மை வாதத்தின் கரடுமுரடான வடிவம்தான்.

ஆனால் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரனே ஒன்றை ஒப்புக்கொண்டார். வேறு நாளை ஓய்வு நாளாகக் கொள்பவர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்குக் கொடுத்திருக்கின்றன, அதுவே நல்ல தீர்வாகவும் இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம் அல்ல, சட்டம் செய்பவர்கள் என்றார். சட்டம் செய்பவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? நாம்தானே.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். நானே பல ஆண்டுகள் அவற்றைச் சொன்னவள். ஞாயிற்றுக்கிழமை சாலை காலியாக இருக்கிறது, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போக வசதி, ஒரு நாளாவது நிம்மதி. உண்மைதான். நான்காம் சாலையிலும் பதினேழாம் சாலையிலும் சனிக்கிழமை மாட்டிக்கொண்டவர்கள் யாரும் அந்த அமைதியைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் நெரிசலுக்குக் காரணமான பெரிய வளாகங்கள் இருக்கும் பராமஸுக்கு, கவுண்டிச் சட்டத்தைவிடக் கடுமையான தனி விதி ஏற்கெனவே இருக்கிறது. கவுண்டிச் சட்டம் நாளைக்கே போனாலும் அது போகாது. கடைச் சிப்பந்திகளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் சனிக்கிழமை முழுவதும் மூடும் கடையில் வேலை செய்பவருக்கு அந்த ஓய்வு கிடைத்துவிட்டது. அவரை இரண்டாம் நாளும் சம்பளமில்லாமல் உட்கார வைப்பது ஓய்வாகாது.

நம் பிள்ளைகளுக்குத் தீபாவளி விடுமுறை வேண்டும் என்று நாம் கையெழுத்து வாங்கியபோது, எங்கள் தெருவில் முதலில் கையெழுத்திட்டது அந்த எதிர்வீட்டுப் பெரியவர். "யார் உங்களைத் தீபாவளி கொண்டாடச் சொன்னது?" என்று அவர் கேட்கவில்லை.

2020 மார்ச்சும் நினைவுக்கு வருகிறது. நியூ ஜெர்சியில் கொரோனா முதலில் வேகமாகப் பரவிய ஊர்களில் டீநெக் ஒன்று. அரசு எதையும் கட்டாயமாக்கும் முன்பே, மார்ச் 12 அன்று இந்தக் கவுண்டியின் யூத மதகுருக்களான ரபைகள் கூடித் தங்கள் ஆலயங்களை மூடினார்கள். கூட்டு வழிபாடு இல்லை, விருந்து இல்லை, துக்க வீட்டுக்குப் போவதும் இல்லை. அடுத்த ஓரிரு நாளில், முஸ்லிமான அன்றைய டீநெக் மேயர் ஊர் மக்கள் எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அந்த வசந்தத்தில், சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் நடப்பவர்கள் யாருமே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூடித் தொழுதவர்கள், மற்றவர்கள் உயிருக்காகக் கதவை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்காக நாம் ஒரு கதவைத் திறக்கச் சொல்லலாம்.

நான் கேட்பது இரண்டு. முதலாவது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தைப் பற்றி மறுபடியும் வாக்கெடுப்பு வேண்டும் என்று யாராவது மனுவோடு உங்கள் வாசலுக்கு வந்தால், கதவைச் சாத்தாமல் வாங்கிப் படியுங்கள், உங்களுக்குச் சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள். இரண்டாவது, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இது மாநிலச் சட்டம். சனிக்கிழமை மூடும் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்று ஒரு வரியை அதில் சேர்க்க மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர்களால் முடியும். அமைதியான ஞாயிறு வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு வரிக்குச் சம்மதிக்கலாம், ஏனென்றால் பெரிய வளாகங்கள் எதுவும் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. திறக்கப்போகிறவை அந்தப் பெண்ணின் கடையைப் போன்ற சின்னக் கடைகள்தான்.

உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று பத்திதான். தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போக நீங்கள் வரும்போது நான் வாசலில் நிற்பேன், பிரதி கையில் இருக்கும். மாற்றி எழுத வேண்டிய இடம் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், பேனாவும் கொண்டுவருகிறேன். பொங்கல் வரிசையில் பேசிக்கொண்டிருந்த அந்த இருவரும் இதைப் படிக்க நேர்ந்தால் கட்டாயம் வாருங்கள். அன்று சொல்லத் தவறியதற்கு நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இதையெல்லாம் உங்களிடமே சொல்ல ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
டீநெக்கில் வசிக்கும் ஒரு ஜவுளிக்காரர் மகள்